என்எஃப்எஸ் ஹோம்: பாஸ்வேர்டு சரி, ஆனா திரும்பத் திரும்ப லாகின் ஸ்கிரீன்

மேலூர்_லேப்:
மதுரை பக்கம் ஒரு கல்லூரி லேப். 30 சிஸ்டம், உபுண்டு மாட்டே, லைட்-டிஎம் (லாகின் ஸ்கிரீன் காட்டுற புரோகிராம்). மாணவர்களோட ஹோம் (அவங்க ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டர்) எல்லாம் சர்வர்ல, என்எஃப்எஸ்4 (நெட்வொர்க் வழியா ஃபோல்டரைப் பகிர்ற முறை) மூலமா மவுன்ட், அதாவது ஒவ்வொரு சிஸ்டத்துலயும் இணைப்பு. கரண்ட் போய் வந்தா சிலருக்கு புத்தம்புது டெஸ்க்டாப் வருது, ஃபைல் ஒண்ணும் இல்லை. வேற ரெண்டு மூணு பேருக்கு எந்த நாளும் பாஸ்வேர்டு அடிச்சதும் ஸ்கிரீன் கறுத்து லாகினுக்கே திரும்புது. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3-ல (எழுத்து மட்டும் வர்ற கன்சோல்) எல்லாருக்கும் லாகின் ஆகுது. டெஸ்க்டாப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணணுமா?

வைகைக்கரை:
வேண்டாம் சார். இது ரெண்டு தனித்தனி சிக்கல்.

முதல்ல புது டெஸ்க்டாப். அந்த மாணவர் லாகின்லயே டெர்மினல் திறந்து 'டிஎஃப் -டி .' போடுங்க (கோட்டுக்கு அப்புறம் வர்ற டி ஆங்கிலப் பெரிய எழுத்து). என்எஃப்எஸ்4 வரணும். எக்ஸ்ட்4 (லோக்கல் டிஸ்க்) வந்தா மவுன்ட் ஆகவே இல்லை. சர்வர் முழுசா எழும்புறதுக்குள்ள கிளையன்ட் (லேப் சிஸ்டம்) எழுந்துடுது, மவுன்ட் தோத்துப்போகுது, பிஏஎம்-ல (லாகினைச் சரிபார்க்கிற அமைப்பு) இருக்கிற எம்கேஹோம்டிர், ஹோம் இல்லைன்னு நினைச்சு, லோக்கல் டிஸ்க்லயே புது ஹோம் உண்டாக்கிடுது. இதுல பெரிய ஆபத்து, அன்னிக்கு மாணவர் எழுதின ரெக்கார்டு. அடுத்த முறை மவுன்ட் ஆனதும் அது அடியில மறைஞ்சிடும். அழியலை. 'மவுன்ட் --பைண்ட் / /எம்என்டி' போட்டா லோக்கல் டிஸ்க் /எம்என்டி-ல தெரியும், அதுக்குள்ள இருக்கிற ஹோம்ல தேடி எடுத்துக் கொடுங்க.

எடுத்த பிறகு, எஃப்ஸ்டாப்ல (மவுன்ட் பட்டியல் இருக்கிற ஃபைல்) '_நெட்டெவ்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்' சேருங்க, ஹோமைத் தொடும்போது மவுன்ட் ஆகும். சர்வர் இல்லைன்னா லாகின் தோத்துப்போகும், லோக்கல்ல எழுதாது.

கூடல்_அட்மின்:
லாகின் ஸ்கிரீனுக்கே திரும்புறவங்களுக்கு முதல்ல கோட்டா (சர்வர்ல ஒவ்வொருத்தருக்கும் வச்சிருக்கிற இட வரம்பு) பாருங்க. டெஸ்க்டாப் தொடங்கணும்னா டாட் எக்ஸ்அத்தாரிட்டி ஃபைலை ஹோம்ல எழுதியாகணும். கன்சோலுக்கு அது தேவையில்லை. 'டச்' பண்ணிப் பார்த்து ஏமாறாதீங்க, இடம் தீர்ந்தாலும் பூஜ்ய பைட் ஃபைல் உண்டாகும். 'எக்கோ'ல ஒரு வரி எழுதிப் பாருங்க. பெரும்பாலும் பிரவுசர் கேஷ்தான் இடத்தைத் தின்னிருக்கும்.

கோட்டா சரியா இருந்தா 'எல்எஸ் -எல்என்'. ஓனர் எண் 65534-ன்னா ('நோபடி', யாருன்னு தெரியலைன்னு அர்த்தம்) சர்வர், கிளையன்ட் ரெண்டு பக்கமும் ஐடிமேப்டி (யூசர் பெயர்களைப் பொருத்துற சேவை) டொமைன் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

மேலூர்_லேப்:
கோட்டாதான் நிறைஞ்சிருக்கு, நன்றி. மவுன்ட்ல 'சாஃப்ட்' (கொஞ்ச நேரம் பார்த்துட்டு பிழைன்னு விட்டுடுற ஆப்ஷன்) போட்டா, சர்வர் இல்லாதப்போ சிஸ்டம் தொங்காதுன்னு சொல்றாங்களே?

வைகைக்கரை:
ஹோமுக்கு 'சாஃப்ட்' போடவே போடாதீங்க. நேரம் கடந்தா எழுதுறது பாதியில பிழையாகி ஃபைல் கெடும். 'ஹார்ட்' (சர்வர் வர்ற வரை காத்திருக்கும்) தான். சர்வர் ரீபூட் ஆனதும் 90 நொடி வரை கிரேஸ் பீரியட். பழைய லாக்குகளை கிளையன்ட்கள் திரும்பக் கேட்டு வாங்குற நேரம் அது. அதுவரை லாகின் நிக்கிறது இயல்பு, பவர் பட்டனை அமுக்க விடாதீங்க. சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் தனி யுபிஎஸ் கொடுங்க.