புதுப்பிப்பு: கிணற்று நீரும் நுண் அல்கா சோதனையும்

கிணற்று நீரில் செம்பு, ஈயம் போன்ற பார உலோகங்களின் நச்சுத்தன்மையை நுண் அல்கா (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசி) வளர்த்து அறியலாம், நஞ்சு இருந்தால் அதன் வளர்ச்சி குறையும் என்று முன்பு எழுதியிருந்தேன். ‘அல்கா வளர்ந்து பச்சை பிடித்தால் தண்ணி நல்லதுதானே?’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

இல்லை. அதுவும் யாழ்ப்பாணத்தில் அப்படி நம்பவே கூடாது. எங்கள் தோட்டக் கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்று அல்காவுக்கு நல்ல சாப்பாடு; வளர்ச்சியைக் கூட்டி நஞ்சை மறைத்துவிடும். சுண்ணக்கல் நீரின் கல்சியம் வேறு, உலோகம் அல்காவின் உயிர்க்கலத்துக்குள் போவதைக் குறைக்கும். அல்கா வளர்க்கும் ஊட்டக் கரைசலில் ஈடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருள் கூடினால் அதுவும் உலோகத்தைக் கட்டிப்போடும். ஆகவே கிணற்று நீர் சேர்க்காமல் ஒப்பிடுவதற்காக வைக்கும் குடுவைக்கும் அதே கடினத்தன்மை, அதே ஊட்டம் வேண்டும். அல்கா வளர்ச்சிச் சோதனைக்கான சர்வதேச வழிகாட்டியான ஓஈசிடி (OECD) 201 முறையில் சோதனை 72 மணித்தியாலம்.

சரி, குடிக்கலாமா? அதை அல்கா சொல்லாது. ஆய்வுகூடத்தில் உலோகத்தை அளக்கத்தான் வேண்டும். கொதிக்க வைத்தாலும் அது போகாது.