‘ஃபியூ’ என்று எழுதிய ஒரு மெயில்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பாப்பா, இரவு 8.04
அத்தை, அலுவலகத்தில் நான் எழுதிய ஒரு சொல்லால் சிக்கல் வந்திருக்கிறது. அது ஏன் வந்தது என்று விளங்காததால் இங்கே கேட்கிறேன். 6,000 டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில், சரக்கை வாங்கும் பையரின் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் நாங்களே 200 பீஸ் எடுத்துப் பார்த்தோம். 14 பீஸில் தையல் பழுது இருந்தது. உடனே ஜெர்மனியில் உள்ள பையருக்கு, ‘வீ ஹேவ் ஃபவுண்ட் ஃபியூ டிஃபெக்ட்ஸ்’ என்று மெயில் எழுதினேன். சரிசெய்ய நான்கு நாள் தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ‘மகிழ்ச்சி, குறித்த நாளிலேயே அனுப்பிவிடுங்கள்’ என்று பதில் வந்திருக்கிறது.

அம்மா, இரவு 8.07
பழுது இருக்கிறது என்று சொன்னதற்கு எதற்காக மகிழ்ச்சி அடைகிறார்கள்?

அத்தை, இரவு 8.15
ஏனென்றால் அவர்கள் படித்தது ‘பழுது அதிகம் இல்லை’ என்ற செய்தியை. ‘எ ஃபியூ’ என்று எழுத வேண்டிய இடத்தில் முன்னால் இருக்கும் ‘எ’ விடுபட்டுவிட்டது கண்ணு. நான் வகுப்பெடுத்த காலம் முழுவதும் திருத்திய பிழை இது. ‘ஐ ஹேவ் ஃபியூ டௌட்ஸ்’ என்று எழுந்து நிற்கும் பிள்ளை, தனக்குச் சில ஐயங்கள் இருப்பதாகத்தான் சொல்ல நினைக்கிறது. ஆனால் அந்த வாக்கியமோ, எனக்கு ஐயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுகிறது.

பாப்பா, இரவு 8.17
எப்படி எழுதினாலும் 14 என்பது 14 தானே, அத்தை? ‘எ’ சேர்த்தால் எண்ணிக்கை கூடிவிடுமா?

அத்தை, இரவு 8.29
கூடாது. எண் அப்படியே இருக்கும். சொல்பவரின் பார்வைதான் மாறும். தமிழில் நாம் இதை ஏகாரத்தால் செய்கிறோம். ‘கல்யாணத்துக்குச் சிலர் வந்தார்கள்’ என்றால், அடுத்த வாக்கியம் வந்தவர்களைப் பற்றியதாக இருக்கும்: சாப்பிட்டார்கள், வாழ்த்தினார்கள், கிளம்பினார்கள். ‘சிலரே வந்தார்கள்’ என்று சொல்லிப் பார். மனம் உடனே வராதவர்களிடம் போய்விடும். அன்றைக்கு மழையா, வேறு முகூர்த்தமா, ஏதேனும் மனத்தாங்கலா என்று கேட்கத் தோன்றும். இரண்டு வாக்கியங்களிலும் வந்தவர்கள் அதே பதினைந்து பேராக இருக்கலாம். ‘எ ஃபியூ’ என்பது ‘சில’, ‘ஃபியூ’ என்பது ‘சிலவே’. நம் அகராதிகள் பலவும் இரண்டுக்கும் ‘சில’ என்று பொருள் தந்து நிறுத்திவிடுவதால்தான் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்ற இணைக்கும் இதே கதைதான்.

அண்ணன் (ஹாம்பர்க்), இரவு 8.34
இங்கே இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பேச்சில் முன்பின் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் படிப்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால் நிலைமை வேறு. ஜெர்மன் மொழியில் ‘பார்’ என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஜோடி. சிறிய எழுத்தில் தொடங்கினால் சில. அந்தப் பழக்கத்தில் ‘எ கப்பிள்’ என்பதையும் ‘சில’ என்ற பொருளில் எழுதிவிடக்கூடும். ஆகவே ‘எ கப்பிள் ஆஃப் சாம்பிள்ஸ்’ என்று இவர்கள் கேட்டால், எத்தனை என்று திரும்பக் கேட்டுவிடு, பாப்பா.

பாப்பா, இரவு 8.36
போன மாதம் அப்படிக் கேட்டார்கள் அண்ணா, நான் இரண்டுதான் அனுப்பினேன். மூன்றாவது எங்கே என்று மெயில் வந்தது.

அத்தை, இரவு 8.44
இரண்டு என்று நீ எண்ணியது தவறில்லை. பிணைப்பு என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ‘கப்பிள்’. கணவன் மனைவியைக் குறிக்கும்போது அந்தப் பிணைப்பு இறுக்கமாக இருக்கிறது, ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்னும்போது தளர்ந்துவிடுகிறது. நம் ‘இரண்டொரு நாளில் வருகிறேன்’ என்பதும் இப்படித்தான்; மூன்றாம் நாள் வந்தவரை யாரும் பொய்யர் என்பதில்லை. அடுத்தடுத்த எண்களைச் சேர்த்து நாலைந்து, ஏழெட்டு, பத்துப் பன்னிரண்டு என்று நாம் சொல்லும் வழக்கம் எவ்வளவு நயமானது! எந்த அளவில் தோராயம் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘செவரல்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அது இல்லை. அதை ‘பல’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை; ‘எ ஃபியூ’வைவிடச் சற்று மேலே, ‘மெனி’க்கு நன்றாகக் கீழே நிற்கும் சொல் அது. ‘க்வைட் எ ஃபியூ’ என்பதைத்தான் தாராளமாகப் ‘பல’ என்று சொல்லலாம். ‘ஃபியூ’ என்ற சொல் உள்ளே இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

பெரியப்பா, இரவு 8.52
‘செவரல்’ என்ற சொல்லுக்குத் தனித்தனி என்பதே பழைய பொருள். வங்கியில் நான் இருந்தபோது, கடன் பத்திரத்தில் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்ற வரியைக் காட்டாமல் யாரிடமும் ஜாமீன் கையெழுத்து வாங்கியதில்லை. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்றால், நால்வர் கையெழுத்திட்டிருந்தாலும் முழுத்தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம் என்று பொருள். அதைப் ‘பலர்’ என்று புரிந்துகொண்டு, தன் பங்கு கால்வாசிதான் என்று நம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாப்பா, அது இருக்கட்டும். உன் ஆர்டருக்கு எல்.சி., அதாவது பணம் தருவதாகப் பையரின் வங்கி உறுதி சொல்லும் கடிதம், உண்டா? அதில் 6,000 என்ற எண்ணுக்கு முன்னால் ஏதாவது சொல் இருக்கிறதா?

பாப்பா, இரவு 8.58
எல்.சி. உண்டு பெரியப்பா. ‘அபௌட் 6,000 பீசஸ்’ என்று இருக்கிறது. தொகைக்கு முன்னாலும் ‘அபௌட்’ இருக்கிறது.

பெரியப்பா, இரவு 9.10
நல்லது. பேச்சு வழக்கில் எவ்வளவு என்று தெரியாத அந்தச் சொல்லுக்கு எல்.சி.யில் மட்டும் அளவு உண்டு. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள, எல்.சி.களுக்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இன் 30ஆம் பிரிவு, ‘அபௌட்’ அல்லது ‘அப்ராக்ஸிமேட்லி’ என்று எழுதியிருந்தால் 10 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. அந்தச் சொல் எதன் முன்னால் நிற்கிறதோ அதற்கு மட்டுமே சலுகை. அளவுக்கு முன்னால் இருந்து தொகைக்கு முன்னால் இல்லாவிட்டால், அதிகமாக அனுப்பிய சரக்குக்குக் கூடுதல் பணம் கேட்க முடியாது. ‘அபௌட்’ இல்லாத எல்.சி.யிலும் 5 விழுக்காடு விட்டுக்கொடுப்பு உண்டு என்றாலும், அது கிலோக் கணக்கில் போகும் நூலுக்குப் பொருந்துமே தவிர, பீஸ் கணக்கில் எண்ணும் உன் டி-ஷர்ட்டுக்குப் பொருந்தாது. உன் கணக்கில் 5,400 முதல் 6,600 வரை வங்கி ஏற்கும்.

பாப்பா, இரவு 9.14
200க்கு 14 என்றால் 7 விழுக்காடு. அதே விகிதத்தில் மொத்த லாட்டிலும் பழுது இருந்தால் 420 பீஸ். அவற்றை ஒதுக்கினாலும் 5,580 மிஞ்சும். அப்படியானால் ரீவொர்க் செய்யாமலேயே, அதாவது பழுதைச் சரிசெய்யாமலேயே, குறித்த நாளில் அனுப்பிவிடலாமா?

பெரியப்பா, இரவு 9.19
பீஸ் எண்ணிக்கையைப் பொறுத்தவரை வங்கி மறுக்காது. பையர் சம்மதிப்பது வேறு விஷயம். அதை அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள். ஷிப்மென்ட் தேதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது? ‘ஆன் ஆர் அபௌட்’ என்றால் அந்த நாளுக்கு ஐந்து நாள் முன்பும் ஐந்து நாள் பின்பும் அனுப்பலாம்.

பாப்பா, இரவு 9.21
‘லேட்டஸ்ட்’ என்று இருக்கிறது, பெரியப்பா.

பெரியப்பா, இரவு 9.22
அப்படியானால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

அண்ணன் (ஹாம்பர்க்), இரவு 9.26
மெயிலில் ‘நியர்லி 5,600’ என்று எழுதலாமா, அத்தை?

அத்தை, இரவு 9.35
எழுதலாம்; ஆனால் ‘நியர்லி’யும் ‘ஆல்மோஸ்ட்’டும் கீழிருந்து மட்டுமே எண்ணைத் தொட முயலும் சொற்கள் என்பதை நினைவில் வை. 5,580ஐ அப்படிச் சொல்வது சரி, 5,620ஐச் சொல்வது பிழை. ‘அபௌட்’ இரு பக்கமும் போகும். நம் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லிலேயே ஏறுவதும் குறைவதும் சேர்ந்து இருப்பது போல. எண்ணுக்கு முன்னால் ‘சம்’ வந்தாலும் அதே பொருள்தான். எண்ணுக்குப் பின்னால் ‘ஆட்’ சேர்த்தால் அது நம் ‘சொச்சம்’. மேல்பக்கம் மட்டும் போகும். உங்கள் தொழிலில் அந்தச் சொல்லை நான் தவிர்ப்பேன், ஏனென்றால் ‘500 ஆட் பீசஸ்’ என்பதை ஐந்நூற்றுச் சொச்சம் பீஸ் என்றும் படிக்கலாம், செட்டில் சேராத 500 பீஸ் என்றும் படிக்கலாம்.

பாப்பா, இரவு 9.48
இப்படி எழுதியிருக்கிறேன்: முந்தைய மெயிலில் ‘ஃபியூ’ என்று எழுதியது என் பிழை, 200 பீஸில் 14 பழுது, உங்கள் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 அளவின்படி 200 பீஸில் 10 வரை ஏற்கலாம், 11 ஆனாலே லாட் தள்ளுபடி; ஆகவே 6,000 பீஸையும் பார்த்துப் பழுதானவற்றை ஒதுக்கிவிட்டு, ‘அபௌட் 5,580 பீசஸ்’ குறித்த நாளில் அனுப்ப உங்கள் ஒப்புதல் வேண்டும்.

அத்தை, இரவு 9.53
மிக நன்று. அந்த ‘அபௌட்’ மட்டும் வேண்டாம், கண்ணு. முழுதும் பார்த்து முடிக்கும்வரை சரியான எண் உனக்கே தெரியாது. ‘5,400க்குக் குறையாமல்’ என்று எழுது.

பாப்பா, இரவு 9.57
மாற்றி அனுப்பிவிட்டேன், அத்தை. நாளை காலை ஏழு மணிக்குச் செக்கிங் தொடங்குகிறோம்.