சின்ன வயதில் வதைபட்டவர்கள்தான் குற்றவாளி ஆகிறார்களா? ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

கூடல்நகர்:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு கருத்தரங்கக் கட்டுரைக்காகக் கேட்கிறேன். கைதிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வுகளில், நிறையப் பேர் சிறுவயதில் வீட்டில் கொடுமை அனுபவித்ததாகச் சொல்கிறார்கள். அதை வைத்தே "கொடுமைதான் காரணம்" என்று எழுதலாமா? அப்புறம், வீட்டில் விழுந்த அடிக்கும் முதல் கைதுக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது?

பழையகோப்பு:
எழுத முடியாது. அதே கொடுமையை அனுபவித்துவிட்டு இன்று ஆட்டோ ஓட்டுகிறவர், கடை வைத்திருக்கிறவர் யாரும் சிறைக்குள் எடுத்த கணக்கில் வரமாட்டார்கள். நினைவையும் நம்ப முடியாது. உடல்ரீதியாக வதைபட்டது நீதிமன்றப் பதிவிலேயே இருந்தும், பெரியவர்களான பிறகு பேட்டியில் அதைச் சொல்லாதவர்கள் சுமார் 40 சதவீதம் என்று 1996-ல் ஓர் ஆய்வு வந்தது.

அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் (Widom) என்ற அமெரிக்க உளவியலாளர். அவருடைய முக்கிய வேலை வேறு. அது 1989-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாவட்டத்தின் 1967-71 நீதிமன்றப் பதிவுகளிலிருந்து, 11 வயதுக்குள் வதையோ புறக்கணிப்போ உறுதியான 908 குழந்தைகளை எடுத்தார். ஒப்பிட 667 பேர்: அதே வயது, பாலினம், இனம், ஏறக்குறைய அதே குடும்ப வசதி. பள்ளி வயதுக் குழந்தை என்றால் ஒப்பீட்டுக்குப் பள்ளிப் பதிவேடு, அதைவிடச் சின்னது என்றால் மருத்துவமனையின் பிறப்புப் பதிவு. பிறகு இரண்டு குழுவுக்கும் காவல்துறைப் பதிவுகளைத் தேடினார்கள்.

இதே குழுக்களைப் பின்தொடர்ந்து 2001-ல் வந்த கணக்கு இது. 18 வயதுக்குள் கைதானவர்கள் 27.4 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 17.2. பெரியவராகக் கைது 41.6, எதிரே 32.5. வன்முறைக் குற்றத்துக்காகக் கைது 18.1, எதிரே 13.9.

கட்டுரையில் "59 சதவீதம் அதிகம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது 17.2 என்பது 27.4 ஆன கணக்கு. கொடுமை அனுபவித்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் சிறுவயதில் கைதாகவே இல்லை என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. பலர் கவனிக்காத இன்னொன்று: அடிபட்டவர்களில் வன்முறைக் கைது சுமார் 21 சதவீதம், அடியே படாமல் கவனிப்பாரற்று விடப்பட்டவர்களில் சுமார் 20. சோறு, மருந்து, மேற்பார்வை எதுவும் இல்லாமல் கிடப்பது கிட்டத்தட்ட அதே அளவு கெடுதல் செய்கிறது. நம்மூரில் அதை யாரும் கொடுமைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மேகமலை:
நடுவில் நடப்பது பற்றிக் கேட்டீர்கள். உளவியலாளர் கென்னத் டாஜ் குழு, 1990-ல் வெளியான ஆய்வில், 309 குழந்தைகளை மழலையர் பள்ளியில் சேரும் தறுவாயில் பார்த்தது. தாய்மாரிடம் பேட்டி எடுத்தார்கள். குழந்தைகளிடம் நோக்கம் தெளிவில்லாத சின்னச் சம்பவங்களைக் காட்டி, "அவன் ஏன் அப்படிச் செய்தான், நீ என்ன செய்வாய்" என்று கேட்டார்கள். உடலில் அடிபட்டு வளர்ந்த குழந்தைகள் சூழலில் இருக்கும் குறிப்புகளைத் தவறவிட்டார்கள், கெட்ட எண்ணம் இருப்பதாக எளிதில் முடிவு கட்டினார்கள், சண்டையில்லாத வழி அவர்களுக்குக் குறைவாகவே தோன்றியது. பின்னர் பள்ளியில் அதிகம் சண்டை போட்டதும் அவர்கள்தான்.

இதை மூளைக் கோளாறு என்று எழுதாதீர்கள். கதவு திறக்கும் சத்தத்திலேயே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று கணிக்கத் தெரிந்த குழந்தைதான் அந்த வீட்டில் தப்பிக்கும். அதே கணிப்பைப் பள்ளி மைதானத்தில் போட்டால், தெரியாமல் இடித்தவனுக்கும் அறை விழும். அடுத்து டி.சி., அதற்கடுத்து அவனைச் சேர்த்துக்கொள்கிற ஒரே கூட்டம்.

இன்னொரு வழி, ஓடிப்போவது. வெளியே வந்த சிறுவனுக்கு அன்றிரவே சாப்பாடும் படுக்க இடமும் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அதைத் தருகிற பெரிய பையன் சும்மா தருவதில்லை. பதிலுக்குத் திருடச் சொல்வான், பொட்டலம் கொண்டுபோகச் சொல்வான். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் பாலியல் வன்முறைக்குப் பயந்தே ஓடுகிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சிறார் வீட்டை விட்டு ஓடுவதையே சட்ட மீறலாக வைத்திருந்ததால், தப்பித்ததற்காகவே அவர்கள் பதிவேட்டில் ஏறினார்கள்.

எதிர்க்கட்சி:
ஒரு தடை சொல்லணும். விடம் எண்ணியது கைதை, குற்றத்தை அல்ல. நீதிமன்றம் வரை வந்தவை பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் வழக்குகள். வசதியான வீட்டுக் கொடுமை அந்த 908-க்குள் அதிகம் வராது. அதே ஆய்வில் வன்முறைக் கைது கறுப்பினத்தவரிடம் தெளிவாகக் கூடியது, வெள்ளையரிடம் அப்படிக் கூடவில்லை. கொடுமை மட்டுமே விளக்கம் என்றால் இந்த வித்தியாசம் வரக்கூடாது. தெருவும் போலீசும் பள்ளியும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. 'குற்ற ஜீன்' பக்கம் மட்டும் போகாதீர்கள், ஒரு ஜீனை வைத்து ஒரு பையனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கூடல்நகர்:
நன்றி. களப்பணியில் சமூக விசாரணை அறிக்கைக்கு, அதாவது பிடிபட்ட சிறுவனின் பின்னணியை விசாரித்து எழுதும் அறிக்கைக்கு, உதவ வேண்டியிருக்கும். இதையெல்லாம் அதில் எப்படிக் கொண்டுவருவது?

வராண்டா:
2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறுவன் பிடிபட்டால் நன்னடத்தை அலுவலருக்குத் தகவல் போகும். இரண்டு வாரத்துக்குள் அறிக்கை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வர வேண்டும். அவசரத்தில் நடப்பது என்னவென்றால், அப்பாவிடம் மட்டும் கேட்டு "சொல் பேச்சு கேட்காதவன், கூடாநட்பு" என்று நிரப்பிவிடுகிறார்கள். அடித்தவரே தகவல் தருபவர் ஆகிவிடுகிறார்.

பையனிடம் தனியாகப் பேசுங்கள். "உன்னை யாராவது கொடுமைப்படுத்தினார்களா" என்றால் இல்லை என்றுதான் வரும். வயது வாரியாகக் கேளுங்கள்: எந்த வகுப்பில் பள்ளி நின்றது, முதல் தடவை வெளியே தூங்கியது எப்போது, அன்று வீட்டில் என்ன நடந்தது, சாப்பாடு யார் கொடுத்தது, போலீஸ் முதலில் எப்போது. அந்த வரிசையை அப்படியே எழுதினால் போதும், "கொடுமையால் குற்றவாளி ஆனான்" என்ற தீர்ப்பு வாக்கியம் தேவையில்லை. வகுப்பு ஆசிரியரையும் பக்கத்து வீட்டையும் கட்டாயம் பாருங்கள்.

பாலியல் வன்முறை என்று சொன்னால் அறிக்கை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவுப்படி உடனே புகார் போக வேண்டும், சொல்லாமல் இருப்பதே 21-ஆம் பிரிவில் குற்றம்.

இளைஞர் நீதிச் சட்டத்தில் 8(3)(ஜி) படியுங்கள். வழக்கில் சிக்கிய சிறுவன் அதே நேரத்தில் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. குழுமம் விஷயத்தைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அனுப்பலாம். அறிக்கை கேட்டால்தான் பெரும்பாலும் இது நடக்கும். ஜாமீனிலும் இதே சிக்கல்: வழக்கமாக அடித்த அப்பாவிடமே ஒப்படைப்பார்கள். 12-ஆம் பிரிவு நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையையும், தகுதியான வேறொருவர் பராமரிப்பையும் அனுமதிக்கிறது. பாட்டியோ சித்தியோ தயார் என்றால் அவர் சம்மதத்தை அறிக்கையோடு சேர்த்துவிடுங்கள். விசாரணை நாளன்று தேடினால் ஆள் கிடைக்காது.