'அ', 'அன்' முன்னொட்டுச் சொற்களுக்குத் தமிழ் தேவை, உதவுங்கள்

செவிலியர் மாணவர்களுக்கான சொற்பட்டியலில் கிரேக்க மறுப்பு முன்னொட்டுப் பகுதி மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. மெய்யெழுத்துக்கு முன் 'அ' (அப்னியா, அதாவது மூச்சு நின்றுபோவது), உயிரெழுத்துக்கு முன் 'அன்' (அனூரியா). இதில் குழப்பமில்லை. அனாடமி, அனபாலிசம் இரண்டிலும் இருப்பது 'அனா' என்ற வேறு முன்னொட்டு, அவற்றை நீக்கிவிட்டோம்.

சிக்கல், எல்லாவற்றுக்கும் 'இன்மை' என்று ஒட்டிவிடுவதில். அனீமியாவில் இரத்தம் இல்லாமல் போவதில்லை, ஹீமோகுளோபின் குறைகிறது. 'இரத்தசோகை' இருக்கவே இருக்கிறது. அனூரியா என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 100 மி.லி.க்கும் குறைவான சிறுநீர். 'சிறுநீரின்மை' என்று படித்தவர், சிறுநீர் சேகரிக்கும் பையில் 60 மி.லி. இருந்தால் அனூரியா இல்லை என்று நினைத்துவிடக்கூடும். (சிறுநீரை வெளியேற்றச் செருகிய கதீட்டர் குழாயில் அடைப்பா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது தனி.) அட்ரோஃபியின் வேர்ப்பொருள் ஊட்டமின்மை, ஆனால் வார்டில் அது தசையோ உறுப்போ சுருங்கி மெலிவது.

எங்களுக்கு முடிவாகாதவை இவை. அஃபேசியா, அனார்த்ரியா, அஃபோனியா மூன்றையும் 'பேச்சிழப்பு' என்றே எழுதுகிறார்கள். முதலாவதில் மூளையின் மொழித்திறன் கெடுகிறது. இரண்டாவதில் மொழி சரி, நாக்கு, உதடு தசைகளை இயக்க முடிவதில்லை. மூன்றாவதில் குரல் மட்டும் போகிறது. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ஏசெப்சிஸ், ஆன்ட்டிசெப்சிஸ் இரண்டும் அப்படித்தான்: கிருமியே அண்டாத நிலை ஒன்று, தோல், புண் போன்ற இடங்களில் இருக்கும் கிருமியை ஒடுக்குவது மற்றொன்று. 'கிருமிநாசினி' இரண்டுக்கும் பொருந்தாது.

வார்டில் நீங்கள் சொல்லும் சொல்லை, அது வரும் ஒரு வாக்கியத்தோடும் ஊர்ப் பெயரோடும் கீழே எழுதுங்கள். அகராதிச் சொற்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன, வேண்டாம். இலங்கை வழக்குகளும் வரட்டும்.