டைப் 1 சர்க்கரை உள்ள மகன் ஊசியை மறைக்கிறான், வழி தெரியவில்லை

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. 2 வருடமாக டைப் 1 சர்க்கரை. கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அதனால் தினமும் 4 ஊசி. (மிட்டாய் தின்று வந்ததில்லை. ஊரில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.)

ஊசி பழகிவிட்டது, பிரச்சினை மனசுதான். 3 மாதமாகப் பள்ளியில் மதிய ஊசியைப் போடாமல் போட்டதாகச் சொல்கிறான். கூடப் படிக்கிறவர்கள் பார்த்துவிடுவார்களாம். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-லிருந்து 10.4 ஆகிவிட்டது. ராத்திரி தூக்கமில்லை, "எனக்கு மட்டும் ஏம்மா?" என்று ஒரே கேள்வி. போன வாரம் மாமன் வீட்டில் ஒப்புட்டு (போளி) வைத்ததும் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டான். சின்னவளோ, அண்ணனைத்தான் பார்க்கிறீர்கள் என்று அழுகிறாள்.

டீச்சரிடம் பேசி ஊசி போடத் தனி அறை வாங்கினோம், அங்கே போவதில்லை. டாக்டர் அளவை மாற்றித் தந்தார், அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. அரசின் மனநல உதவி எண் 14416 டெலி மனஸில் பேசினேன். எனக்குத் தெம்பு வந்தது, அவன் போனையே வாங்கவில்லை. அப்பத்தா தாயத்தும் கட்டியாயிற்று.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் டைப் 1 பிள்ளைகளும் பெற்றோரும் நேரில் கூடுகிற குழுவோ, இந்த வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பழகிய கவுன்சிலரோ யாருக்காவது தெரியுமா?