அப்பாவின் 2013 மடிக்கணினி: லினக்ஸ் போடலாமா, வேண்டாமா?

ஒற்றைச்சுழி:
அப்பாவின் மடிக்கணினி 2013-இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து முடித்து வந்தால் கடவுச்சொல் கேட்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இதில் கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு வயது 71. கட்டுரை எழுதுவார், மின்னஞ்சல் பார்ப்பார், பாட்டுக் கேட்பார், எப்போதாவது அச்செடுப்பார். என்ன சொல்கிறீர்கள்?

கருவிப்பெட்டி:
தயங்காமல் போடுங்கள். நீங்கள் சொன்ன நான்கு வேலைக்கும் விண்டோஸே தேவையில்லை. மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். 2 ஜிபி ராமிலேயே எழுந்து நிற்கும். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. இதைவிடப் பழைய கணினி ஒன்றில் நான்கு வருடமாக இதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

திரும்பிவந்தவன்:
நானும் இப்படித்தான் அம்மாவின் கணினிக்கு மின்ட் போட்டேன். மூன்றே மாதத்தில் விண்டோஸுக்குத் திரும்பினேன். கணினி வேகமாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்லமாட்டேன். இரண்டாம் நாள் அம்மா கேட்டார்: "டி டிரைவ் எங்கேடா போயிற்று?" புகைப்படங்கள் எல்லாம் அதில். தேடினால், மீடியா என்ற கோப்புறைக்குள், அவர் பெயர் கொண்ட இன்னொரு கோப்புறைக்குள், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முழநீளப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. அதுதான் டி டிரைவ் என்று தொலைபேசியில் அம்மாவுக்கு விளக்கிப் பாருங்கள். அதிலும் படங்களைப் பார்க்கலாம், புதிதாக ஒன்றைச் சேமிக்க முடியாது. அச்சுப்பொறி அச்செடுத்தது, அதிலேயே இருந்த ஸ்கேனர் கடைசிவரை வேலை செய்யவே இல்லை.

கருவிப்பெட்டி:
மன்னிக்கவும் நண்பரே, இதில் பாதி நீங்கள் செய்யாமல் விட்டது. அந்த வட்டுப் பிரிவுக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தால் அந்தப் பெயரிலேயே தெரியும். சேமிக்க முடியாமல் போனதற்குக் காரணம் விண்டோஸின் 'விரைவுத் தொடக்கம்'. அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் வட்டைத் தன் பிடியில் வைத்திருக்கும். லினக்ஸ் அதில் எழுதினால் கோப்புகள் சிதைந்துவிடலாம் என்பதால் படிப்பதற்கு மட்டும் திறக்கிறது. அந்த வசதியை முன்பே அணைத்திருக்க வேண்டும். ஸ்கேனர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சில உற்பத்தியாளர்கள் லினக்ஸுக்கு டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், தருவதே இல்லை.

திரும்பிவந்தவன்:
நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். முன்பே அணைத்திருக்க வேண்டும், முன்பே பெயர் சூட்டியிருக்க வேண்டும். எனக்கே தெரியாத இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒற்றைச்சுழி, நீங்கள் அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்களா? அதைச் சொல்லாமல் யாரும் உங்களுக்கு யோசனை சொல்லக்கூடாது.

ஒற்றைச்சுழி:
வேறு ஊரில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை போவேன்.

குறுக்குவழி:
எதற்கு இந்த வம்பு? நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் டிபிஎம் சோதனையை நீக்கிவிட்டு விண்டோஸ் 11-ஐயே போடலாம். நான் போட்டிருக்கிறேன், ஓடுகிறது.

வன்தட்டு:
ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பையும் நீங்களேதான் கையால் ஏற்ற வேண்டும். மாதம் ஒருமுறை வரும் மகனுக்கு இது ஏற்ற வழியா?

அது போகட்டும். இரண்டு பேரும் இயங்குதளத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். நோய் வேறு இடத்தில் இருக்கிறது. குளித்துவிட்டு வரும் நேரம் ஆகிறதென்றால் அது ஹார்ட் டிஸ்க்கின் வேலை. சுழலும் தட்டில் முள் இங்கும் அங்கும் ஓடி, விநாடிக்குச் சுமார் நூறு தரவுத் துண்டுகளைத்தான் பொறுக்க முடியும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வட்டு பல ஆயிரம் எடுக்கும். முதலில் அதை மாற்றுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலும் உலாவியில் பத்துத் தாவல் திறந்ததும் மூச்சு வாங்கும். உலாவி எந்த இயங்குதளத்திலும் ஒரே பெருந்தீனிதான்.

திரும்பிவந்தவன்:
எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 10-உம் பறக்குமே. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம்.

கருவிப்பெட்டி:
அக்டோபர் 14 அன்று மறுபடி இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பார். பரவாயில்லையா?

ஏட்டுச்சுவடி:
இத்தனை பேர் பேசினீர்கள், அப்பா எதில் தட்டச்சு செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டுரை எழுதுவார் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. 71 வயது என்றால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் கட்டாயம் இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

ஒற்றைச்சுழி:
பார்த்துவிட்டேன். ஏறக்குறைய 600 கோப்புகள், பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில். தட்டச்சுப் பொறியில் பழகிய கை. வேறு விசைப்பலகையைச் சொன்னாலே கோபப்படுகிறார்.

ஏட்டுச்சுவடி:
அப்படியானால் கவனமாகக் கேளுங்கள். பாமினி கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். 'தமிழ்' என்ற சொல்லின் கடைசிப் புள்ளிகூட அரைப்புள்ளியாகத் தெரியும். பயப்பட வேண்டாம். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நகலெடுத்து வைத்தால், அங்கே கட்டுரை எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் அதை எடுத்துக்கொள்ளும். ஆங்கில விசைப்பலகையிலேயே அவர் பழைய விரல் பழக்கத்தில் அடிக்கலாம்.

ஒரே ஒரு பொறி உண்டு. லிப்ரே ஆபிஸ் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எழுத்து 'த' என்றால், அதே விசையின் பெரிய எழுத்து 'து'. 'தமிழ்' என்று தொடங்கினால் 'துமிழ்' என்று நிற்கும். தானியங்கித் திருத்தத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

யூனிகோடில் எழுத அவர் ஒருநாள் இசைந்தால், லினக்ஸில் பிற மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் வழியாகத் தட்டச்சுப் பொறி விசைப்பலகையே கிடைக்கும், தமிழ்99 என்ற விசைப்பலகையும் உண்டு. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது.

திரும்பிவந்தவன்:
இதைப் படித்துவிட்டு இன்னும் யாராவது 'தயங்காமல் போடுங்கள்' என்பீர்களா?

கருவிப்பெட்டி:
தயங்கிவிட்டுப் போடுங்கள் என்பேன். நீங்கள் சொன்ன ஸ்கேனர், ஏட்டுச்சுவடி சொன்ன எழுத்துரு, இரண்டையும் நிறுவுவதற்கு முன்பே சோதிக்க முடியும். மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியை இயக்குங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, ஒலி, அச்சு, அப்பாவின் கோப்பு ஒன்று. நான்கும் சரியென்றால் மேலே போங்கள்.

வன்தட்டு:
எஸ்எஸ்டி வாங்கினால் இன்னொரு வசதி. மின்ட்டை அதில் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே கழற்றி வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, இரண்டு திருகு கழற்றினால் பழைய வீடு.

ஒற்றைச்சுழி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பென்டிரைவ் சோதனையில் வைஃபை, ஒலி, அச்சு மூன்றும் வேலை செய்தன. எஸ்எஸ்டி போட்டு மின்ட் நிறுவிவிட்டேன். பழைய டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. இப்போது அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பிய மறுநாளே அப்பாவின் அழைப்பு: "என்னடா இது, எல்லாப் பத்தியும் துமிழ் துமிழ் என்று ஆரம்பிக்கிறது?" அணைக்க மறந்திருந்தேன். தொலைபேசியிலேயே பட்டியல் பட்டியலாகச் சொல்லி அணைக்க வைக்க 25 நிமிடம் ஆனது.

திரும்பிவந்தவன்:
25 நிமிடம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரைச் சோதித்தீர்களா?

ஒற்றைச்சுழி:
இல்லை.