‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை: போட் எஞ்சின் செல்ஃப் எடுக்காத அனுபவங்கள்

தொண்டி:
மூன்று வருஷம் ஆச்சு, இன்னும் மனசு ஆறவில்லை. ஃபைபர் வள்ளம், 15 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக், செல்ஃப் (சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) மட்டும்தான், இழுகயிறு கிடையாது. சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’. பேட்டரி மாற்றினேன், ஒரு வாரம் ஓடியது. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்றார் கடைக்காரர். புதுசு போட்டுவிட்டுப் பழையதை இரும்புக்கடையில் எடைக்குப் போட்டேன். அதுவும் பத்து நாள்தான்.

அன்றைக்கு நண்டு வலையை எடுத்துவிட்டுத் திரும்பும் நேரம். கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிப்பது, வள்ளத்தைக் கடலுக்குள்ளேயே தள்ளுகிறது. அப்பா மேல்மூடியைக் கழற்றி எஞ்சின் மேலே சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்து இழுத்து, தோள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் மறுபடி சாவியைத் திருப்பிவிட்டு, பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரைத் தொட்டேன். எஞ்சின் பிளாக்கில் முறுக்கியிருக்கும் அந்த முனை மட்டும் சுட்டது. மற்ற இடமெல்லாம் ஜில்லென்று இருந்தது. கத்தியால் உறையைக் கீறினால் உள்ளே செம்பே இல்லை, பச்சைப் பொடி கொட்டியது. முனையை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் வரை சீவி, போல்ட்டில் சுற்றி முறுக்கினேன். அடுத்த திருப்பிலேயே எடுத்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எடைக்குப் போட்ட அந்த செல்ஃபில் ஒரு குறையும் இருந்திருக்காது.

பழவேற்காடு:
அண்ணே, வயரையே சொல்லிவிட்டுப் போனால் படிக்கிறவர்கள் பேட்டரியை விட்டுவிடுவார்கள். ஒரே ‘டக்’ வேறு, ‘டகடகடக’ வேறு. எனக்கு வந்தது இரண்டாவது. மீட்டரில் 12.5 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நல்லா இருக்கு என்று நம்பி, செல்ஃபுக்குக் கரண்ட் விடும் ரிலேயை மாற்றினேன். அப்புறம் மச்சான் சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்தேன். முள் 7-க்கு விழுந்தது. சும்மா இருக்கும்போது அளந்த அளவை நம்பி ஏரி நடுவில் ஒரு ராத்திரி கிடந்தவன் நான்.

முட்டம்:
எங்களுக்கு ‘டக்’ கூட இல்லை. அலைவாய்ப் பக்கம் வைத்து நின்றுபோனது. பின்னால் ஒரு அலை எழும்புகிறது, சாவி செத்த மாதிரி. கியர் கம்பி நியூட்ரலில் நிற்கிற மாதிரித்தான் தெரிந்தது, ஆனால் முழுசாக விழவில்லை. நியூட்ரலில் இல்லாவிட்டால் நியூட்ரல் சுவிட்ச் செல்ஃபை எடுக்க விடாது. கம்பியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே திருப்பினேன், எடுத்தது. அலை வள்ளத்தின் பின்பக்கத்தைத் தூக்கின அந்த நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது. கரையில் வந்து சொன்னபோது, ஸ்பானரை ரிலேயில் வைத்து நேராக ஷார்ட் பண்ணியிருக்கலாமே என்றார்கள்.

நாகப்பட்டினம்:
அந்த ஸ்பானர் யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. எங்கள் சித்தப்பா அப்படித்தான் செய்தார். கியர் முன்னால் விழுந்திருந்தது அவருக்குத் தெரியாது. ரிலேயைத் தாண்டி கரண்ட் கொடுத்தால் நியூட்ரல் சுவிட்ச் தடுக்காது. எஞ்சின் எடுத்ததும் வள்ளம் பாய்ந்து அவர் தண்ணீரில் விழுந்தார். விசிறி அவரைத் தாண்டிப் போனது, கையகல தூரம். பக்கத்தில் பெட்ரோல் கேன் வேறு, அந்தப் பொறி அதில் பட்டிருந்தால்? முட்டம்காரர் கம்பியை ஆட்டினதுதான் சரி.

ராமநாதபுரம் மெக்கானிக்:
தொண்டித் தம்பிக்கு நடந்தது என் பட்டறைக்கு மாதம் ஒன்று வரும். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சுவிட்ச் வயரைக் கழற்றுவதற்கு முன்னால், கில் சுவிட்ச் (அவசரத்துக்கு எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) கிளிப் மாட்டியிருக்கிறதா, ஃபியூஸ் நல்லதா பாருங்கள். பிறகு மீட்டரை டிசி வோல்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் குமிழிலேயே இருக்கட்டும், மேலே மாட்டிய கிளாம்பில் வேண்டாம். இன்னொன்று எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் வோல்ட்டைத் தின்கிறது என்று அர்த்தம். அதே மாதிரி பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை. வயர் தடிமனாக, கறுப்பாக, அழகாகத்தான் இருக்கும், மீட்டர் ஏமாறாது. பேட்டரியில் சிறகு நட்டு போட்டிருந்தால் எடுத்துவிட்டு, ஸ்பானரால் இறுக்கும் நட்டு போடுங்கள், அலை அடிப்பில் கையால் இறுக்கினது நிற்காது. முனையை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின். பழவேற்காட்டுக்காரர் சொன்னதும் சரிதான், பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆன பிறகு இதையெல்லாம் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள், எஞ்சின் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபையர் போய்விடும். செல்ஃபைத் தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் அழுத்தாமல் ஆறவிடுங்கள்.

தொண்டி:
அண்ணே, இன்று காலையில் அளந்தேன். எர்த் பக்கம் 0.2. பிளஸ் பக்கம் 1.1 காட்டுகிறது, எஞ்சின் எடுக்கத்தான் செய்கிறது. நாளைக்குக் கடலுக்குப் போகவில்லை, கேபிள் வாங்கப் போகிறேன்.